பாளையங்கோட்டை வெயிலுக்கு எந்த நாய் தாங்கும்?

கேள்வி: அடுத்த மாதம் சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வருகிறோம். தனி வீடு, முன்னால் கொஞ்சம் இடம் உண்டு. பிள்ளைகள் நாய் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். வீட்டுக்காரர் லாப்ரடார் என்கிறார், மாமனார் சிப்பிப்பாறைதான் என்கிறார். எனக்குத் தெருநாயைக் கண்டாலே பயம். நாட்டு நாய் வீட்டில் தங்காது, தெருவுக்கு ஓடிவிடும் என்கிறார்களே, உண்மையா? அந்த ஊர் வெயிலுக்கு எது தாங்கும்?

9 பிப்ரவரி 2025

வெயிலுக்கு எந்த நாயும் தாங்காது. நாமே தாங்குவதில்லை. நிழலும் தண்ணீரும் இருந்தால் எதுவும் பிழைத்துக்கொள்ளும்.

மாமனார் கேட்பது. சிப்பிப்பாறை முதலில் ஊர்ப் பெயர், அப்புறம்தான் நாய். விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கிறது. கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்கென்றே வந்த உடம்பு: ஒட்டின வயிறு, நீண்ட முகம், சாட்டை மாதிரி வால். முயல் வேட்டை இப்போது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆக நாய்க்கு வேலை போய்விட்டது, கால் போகவில்லை. மூன்று செண்ட் மனையில் கட்டிவைத்தால் அது கதவு நிலையை நகத்தால் பிராண்டியே பொழுதைக் கழிக்கும். காலையும் மாலையும் ஓட விட ஆள் இருந்தால் வாங்குங்கள். மாமனார் ஓடுவாரா என்று முதலில் கேளுங்கள்.

லாப்ரடாருக்கு ரோமம் இரண்டு அடுக்கு. சித்திரையில் அது தரையோடு தரையாகக் கிடக்கும், நீங்கள் டைல்ஸுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பீர்கள். சாப்பாடு கண்ட இடத்தில் நிற்காத சாதி, எடை போட்டுவிடும். ஹஸ்கி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நம் ஊரில் ஒரு வீட்டில் பார்த்தேன். நாய் ஏசி அறையில், வீட்டுக்காரர் திண்ணையில் விசிறியோடு.

நாட்டு நாய் வீட்டில் தங்குமா என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும் என்றுதான் போன வருஷம் வரை நினைத்திருந்தேன். நாளை எழுதுகிறேன். ஆறு பிளவுஸ் நிற்கிறது.

10 பிப்ரவரி 2025

நான் தையல்காரி. முன்வாசல் திண்ணையில் மிஷின். எதிரே தெரு. நாள் முழுக்க வேறு போக்கிடம் கிடையாது, ஆகவே தெருவில் நடப்பது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது.

எங்கள் தெருவில் ஒரு நாய். கறுப்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை, சோற்றுக்கை பட்ட மாதிரி. பெண். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்கு அடுத்த வாரம் வந்தாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே போனது. ஆற்றங்கரைத் தெருக்களில் இருந்த நாய், பூனை, கோழி எல்லாம் மேட்டைத் தேடி வந்த நாட்கள். அவளும் அப்படி வந்தவளாக இருக்கும்.

வந்த அன்று மிஷினுக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணிக் குவியலில் ஏறி, மூன்று சுற்றுச் சுற்றி, படுத்தாள். லைனிங் துணி, பட்டுத்துணி என்று பேதமில்லை. சரி, நாம் ஒரு நாய் வளர்க்கிறோம் என்று முடிவு செய்து மணி என்று பேர் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவளை வளர்ப்பதாக இன்னும் மூன்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு வாத்தியார் தாத்தா வீட்டில் பால் வந்ததும் இரண்டு பொறை. அங்கே அவள் பேர் துரை. எட்டு மணிக்கு எதிர்வீட்டு ஆச்சியிடம் இட்லி ஒன்றரை. ஆச்சிக்கு அவள் கருப்பாயி. அந்த அரை எதற்கு என்று கேட்டேன். "முழுசா ரெண்டு வச்சா திமிர் வந்துரும்லா" என்றாள். ராத்திரி கடைசி வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் காலேஜ் பிள்ளைகள் பரோட்டா ஓரங்களைப் பிய்த்துப் போடுகிறார்கள். அவர்களுக்கு அவள் புல்லட்.

இடையில் பதினொன்று முதல் நான்கு வரை என்னிடம் தூக்கம். நான் சாப்பாடே போடுவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வளர்த்தது தாத்தாவும் ஆச்சியும். நான் லாட்ஜ்.

13 பிப்ரவரி 2025

நான்கு பேரில் எந்தப் பேருக்குத் திரும்புகிறாள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எதற்கும் இல்லை. தட்டுச் சத்தத்துக்குத் திரும்புவாள்.

பெண் நாயைத் துரை என்று கூப்பிடலாமா என்று தாத்தாவிடம் கேட்டுப் பார்த்தேன். "வெள்ளைக்கார துரைசானிக்கு மட்டும் தனிப் பேரா வச்சோம்? துரைல இருந்து வந்ததுதானே" என்றார். நாற்பது வருஷம் தமிழ் நடத்தியவர். அதோடு விட்டுவிட்டேன்.

20 பிப்ரவரி 2025

ராஜபாளையம் வாங்கச் சொல்லி யாரோ எழுதியிருந்தார்கள். அழகு, மறுக்கவில்லை. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ல் தபால்தலையில் வந்த நான்கு இந்திய நாய்களில் அதுவும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நான்கையும் சொன்னார். அப்புறம் குட்டி விலை ஏறிவிட்டதாக எங்கள் அண்ணனுக்குப் பெரிய குறை.

அண்ணன் கதையே தனி. முழு வெள்ளைக் குட்டி ஒன்று வாங்கி வந்தான். கூப்பிட்டால் திரும்பவே திரும்பாது. "ராஜ களை. யாரையும் மதிக்காது, அதுதான் சாதிக் குணம்" என்று மூன்று மாதம் பெருமையடித்தான். அண்ணி ஒருநாள் அதன் பின்னால் நின்று எவர்சில்வர் தாம்பாளத்தைத் தரையில் போட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. நாய் வாலைக்கூட அசைக்கவில்லை. காது கேட்காது. வெள்ளை நிறத்தோடு செவிடும் சேர்ந்து வருவது அந்த வகையில் உண்டு. குட்டி வாங்கப் போனால் அதற்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்.

அந்த நாய் நன்றாகத்தான் இருக்கிறது. கையசைத்தால் வரும், விளக்கை அணைத்து அணைத்துப் போட்டால் உள்ளே போகும். தீபாவளிக்கு அந்தத் தெருவிலேயே நிம்மதியாகத் தூங்குகிற ஒரே நாய் அதுதான்.

6 மார்ச் 2025

மேலே எழுதியதில் ஒன்று விட்டுவிட்டேன். மணியின் இடது காது நுனியில் ஒரு வெட்டு, பிளவுஸ் கழுத்துக்கு வி வெட்டுவது போலவே. சண்டையில் கிழிந்தது, வீராங்கனை என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். நேற்று ஒருவர் திருத்தினார்: அது கருத்தடை செய்த அடையாளமாம். நாயைப் பிடித்து, அறுவை செய்து, வெறிநாய்க்கடி ஊசி போட்டு, காதில் வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது விதி. 2023-ல் புதுப்பித்த விதிகளிலும் அப்படியே.

வெட்டு வந்தபோதே இருந்ததா, எங்கள் தெருவுக்கு வந்தபின் யாராவது பிடித்துப் போய் விட்டார்களா என்று நால்வரும் கூடிப் பேசினோம். ஒருவருக்கும் ஞாபகமில்லை. இவ்வளவு அக்கறையாக வளர்த்திருக்கிறோம்.

19 மார்ச் 2025

திருத்தம். பிப்ரவரியில் ஆச்சியின் இட்லி பற்றி எழுதும்போது அது சாம்பார் ஊற்றிய இட்லி என்பதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்று இருந்துவிட்டேன். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. சிவப்பணுக்களை உடைத்து ரத்தச் சோகையில் கொண்டுவிடும். வேகவைத்தாலும் அப்படித்தான். சாக்லேட், திராட்சை, கிஸ்மிஸ், சர்க்கரை இல்லாத மிட்டாயில் போடும் சைலிட்டால், இவையும் நாய்க்கு ஆகாது.

ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெங்காயம் போடாத சாம்பாரை நாய்கூடத் திங்காதுட்டி."

இதற்கு என்ன பதில் சொல்வது. மறுநாள் வெறும் இட்லியில் தயிர் விட்டு வைத்தாள். கருப்பாயி தயிரை நக்கிவிட்டு இட்லியை அப்படியே விட்டுவிட்டு ஆச்சி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் பழகிவிட்டது. நாய்க்கு. ஆச்சி இன்னும் குத்திக் காட்டுகிறாள்.

7 மே 2025

அக்கினி நட்சத்திரம். தெருக்குழாயடியில் ஈரமண்ணைத் தோண்டி, ஒரு ஆள் உட்காரும் பள்ளம் செய்து, வயிற்றை அதில் அழுத்திப் படுத்திருக்கிறாள். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்கால் மெத்தையில் கொஞ்சம், மற்றதெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் ஆற வேண்டும். கேள்வி கேட்டவர் இதைக் குறித்துக்கொள்ளவும்: நடத்திக் கூட்டிப்போவது காலை ஏழுக்குள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்து ஐந்து எண்ணுங்கள். எண்ண முடியாவிட்டால் நாயும் நடக்க முடியாது.

குழாயடிப் பள்ளத்தில் இரண்டு பேர் குடத்தோடு இடறினார்கள். புகார் என்னிடம் வந்தது. தாத்தாவிடம் போகவில்லை. உன் நாய் என்றார்கள். மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

11 ஜூன் 2025

உண்ணி. காது மடல், விரல் இடுக்கு, வால் அடி, எங்கும் பாசிப்பயறு ஒட்டினாற்போல. மண்ணெண்ணெய் தடவலாம் என்று ஒரு அண்ணாச்சி சொன்னார். டாக்டர் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் வயிற்றுக்குள் போகும், கூடவே கூடாது. விரலால் நசுக்கவும் கூடாதாம். உண்ணி வழியாகக் காய்ச்சல் வரும், சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும். அப்படித் தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நம் பக்கத்தில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிவதற்காகச் சொல்கிறேன்.

காய்ச்சல் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒன்றரை வருஷமாக ஆச்சி தினமும் அதன் நெற்றியில் கைவைத்து "காய்ச்சல் அடிக்குட்டி" என்று திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். நாயின் இயல்பான சூடே 101-லிருந்து 102.5 பாரன்ஹீட். நமக்கு அது காய்ச்சல், அதற்கு அது உடம்பு. ஆச்சியிடம் சொன்னேன். திருநீறு நிற்கவில்லை.

12 ஜூன் 2025

முக்கியமானதை நேற்று விட்டுவிட்டேன். ஊசி அட்டை போட நாய் பேர் கேட்டார்கள். ஆட்டோவில் நாய், நான், தாத்தா, காலேஜ் பிள்ளைகளில் ஒருவன். ஆச்சி வரவில்லை, ஆனால் கருப்பாயி என்றுதான் எழுத வேண்டும் என்று நூறு ரூபாயோடு சொல்லியனுப்பியிருந்தாள். கவுண்டரில் ஐந்து நிமிஷம் வாக்குவாதம். பின்னால் ஒரு ஆடு காத்திருந்தது.

கடைசியில் எழுதுகிறவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அட்டையில் இப்போது இருப்பது: மணி (எ) துரை (எ) கருப்பாயி (எ) புல்லட்.

பேப்பரில் குண்டர் சட்டத்தில் கைதானவர்கள் பேர் இப்படித்தான் வரும். பிள்ளைகள் அட்டையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். உரிமையாளர் என்ற இடத்தில் தெருப் பேரை எழுதியிருக்கிறார். அதை யாரும் கவனிக்கவில்லை, நான் ராத்திரி பார்த்தேன்.

16 ஜூலை 2025

ஆனித் தேருக்குச் சென்னையிலிருந்து சித்தி வீட்டார் வந்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பும் அன்று டவுனில் போய் வரிசையில் நின்று அரைக்கிலோ அல்வா வாங்கி வந்து, என் வெட்டுமேஜையில் வைத்துவிட்டு, ஆட்டோ பேசப் போனார்கள்.

நெல்லை அல்வா தெரியாதவர்களுக்கு: கோதுமையை ஊறவைத்து ஆட்டி, பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யுமாகக் கிண்டுவது. சூடாக இலையில் வைத்தால் கையில் ஒட்டாமல் நழுவும். ஆறிவிட்டால் இழுவை.

இது ஆறின அல்வா.

நான் உள்ளே காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. சத்தம் இல்லாததால்தான் எட்டிப் பார்த்தேன். பொட்டலம் தரையில் பிரிந்து கிடக்கிறது, நெய் ஊறிய காகிதம் கண்ணாடியாகத் தெரிகிறது. மணி அந்தக் காகிதத்தின் மேல் முன்னங்காலை ஊன்றி நிற்கிறாள். வாய் மூடியிருக்கிறது. திறக்க முடியவில்லை. மேல்தாடையும் கீழ்த்தாடையும் அல்வாவில் ஒட்டிக்கொண்டுவிட்டன. நாக்கு மட்டும் ஒரு ஓரத்தில் வெளியே வந்து உள்ளே போகிறது. மீசை முடி ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி நெய். கண்ணில் குற்ற உணர்வு உண்டா என்று பார்த்தேன். இல்லை, யோசனைதான் இருந்தது: இதை எப்படி விழுங்குவது.

பிடுங்கப் போனேன். ஒரு துண்டு கையோடு வந்தது, ரப்பர் மாதிரி நீண்டது, விட்டேன், திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது. அதற்குள் சித்தி.

"நம்ம அல்வாவா?"

அவளுக்கு வேறு வாங்க நேரமில்லை, ரயில் கிளம்பிவிடும். சென்னையில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்ன சொன்னாளோ.

இரண்டு நாள் பேதி. அவ்வளவு நெய் ஒரே மூச்சில் உள்ளே போனால் கணையம் வீங்கிக்கொள்ளும், இது அதிர்ஷ்டக்காரி என்று டாக்டர் சொன்னார். அப்புறம் குழைந்த சோறு, வேகவைத்த கோழி, உப்பில்லாமல். வேண்டாவெறுப்பாகச் சாப்பிட்டாள். அல்வா ருசி கண்ட வாய்.

18 ஜூலை 2025

கடை பேர் கேட்டு ஏழு பேர் எழுதியிருக்கிறீர்கள். இது நாய் பற்றிய இழை.

24 ஆகஸ்ட் 2025

டெல்லித் தெருநாய்கள் எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதும், 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் போட்டபின் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறியோ மூர்க்கமோ உள்ளதை விடக்கூடாது, சோறு போடத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று சொன்னதும் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் தெருவில் அந்தப் பதினொரு நாள் எப்படிப் போனது என்றால், வாத்தியார் தாத்தா தினமும் காலையில் பொறையோடு பேப்பரும் கொண்டுவந்து துரைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். "உன் வழக்கு இன்னைக்கு வரலடே" என்பார். 22-ஆம் தேதிச் செய்தி 23 காலைப் பேப்பரில். அன்றைக்கு மூன்று பொறை.

கேள்வி கேட்டவர் போல நாய்க்குப் பயப்படுகிறவர்களும் தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கொண்டாட்டத்தில் இல்லை. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

28 செப்டம்பர் 2025

இன்று உலக வெறிநாய்க்கடி விழிப்பு நாள், பாஸ்டர் 1895-ல் இறந்த தேதி. அதற்காக எழுதவில்லை. மூன்று வாரமாக எழுதாமல் வைத்திருந்ததை எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு எட்டு வயது. மணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாலைப் பிடித்து இழுத்திருக்கிறான். திரும்பி ஒரு கவ்வு. முழங்கைக்குக் கீழே பல் உரசி, நூல் பிரிந்த மாதிரி ஒரு கோடு, இரண்டு பொட்டு ரத்தம்.

பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்தாள். நான் பையனைக் குழாயடிக்கு இழுத்துப் போனேன். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம். பதினைந்து நிமிஷம் என்பது அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு சீரியல் நீளம். எதையும் தடவக்கூடாது, கட்டவும் கூடாது. நேரே அரசு ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். 0, 3, 7, 28 என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று அட்டையைக் காட்டினேன். நல்லது, இருந்தாலும் பையனுக்குப் போட வேண்டும் என்றார்கள். அது சரிதான். வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டிய பின் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை, அதில் சந்தேகத்தின் பலனை நாய்க்குக் கொடுக்க முடியாது. அட்டையில் இருந்த நாலு பேரைப் படித்துவிட்டு நர்ஸ் சிரித்தார். பையனின் அம்மா சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை அவள். "உங்க நாய்தானே" என்ற ஒரு வார்த்தையோடு சரி. மே மாதம் அதே வார்த்தைக்குச் சந்தோஷப்பட்டவள் நான். தாத்தாவோ ஆச்சியோ மாடிப் பிள்ளைகளோ, நாங்களும்தான் என்று உடனே முன்வரவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். அதை இங்கே எழுதுவதும் சின்னத்தனம்தான்.

இப்போது செய்திருப்பது: சாப்பாடு வாசல்களில் இல்லை. தெருக்கோடியில் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துச் சுவரோரம், பிள்ளைகள் விளையாடாத இடம். தட்டு வைத்தவர் சாப்பிட்டு முடியும் வரை நிற்க வேண்டும். தாத்தாவுக்கு அங்கே ஒரு ஸ்டூல் போட்டாயிற்று.

2 அக்டோபர் 2025

நான் போன முறை எழுதியதை யாரோ படித்துக்காட்ட ஆச்சி கேட்டிருக்கிறாள். காலையில் வந்து, "நான் மூட்டுவலியில கெடந்தேன், என்னை ஏன்டி இழுத்துப் போட்ட?" என்று சண்டை. உண்மைதான், அந்த வாரம் அவள் எழுந்து நடக்கவே இல்லை. திருத்திக்கொள்கிறேன். பையனுக்கு மூன்றாவது ஊசிக்கு ஆட்டோக் காசும் அவள்தான் கொடுத்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

21 அக்டோபர் 2025

தீபாவளி முடிந்தது. பதினைந்து நாளாக மூச்சுவிட நேரமில்லை, தைப்பவர்களுக்குத் தெரியும்.

முதல் வெடி 18-ஆம் தேதி ராத்திரி. மணி எங்கிருந்தோ பாய்ந்து வந்து மிஷினுக்கு அடியில், மிதிபலகையின் மேலேயே சுருண்டுவிட்டாள். நமக்கு வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும், நாய்க்கு 40,000-க்கும் மேல். சர வெடி அதற்கு என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்க முடியவில்லை. உடம்பு நடுங்க நடுங்க மிதிபலகை கடகடவென்று ஆடுகிறது, பெல்ட் இழுத்து ஊசி தானாக ஏறி இறங்குகிறது. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் தைக்கிற மாதிரி. நான்கு சுடிதார் மறுநாள் காலைதான் கொடுத்தேன். நாய் மிதியில் படுத்துவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள். கரண்ட் இல்லை என்று சொன்னேன். கால் மிஷினுக்குக் கரண்ட் எதற்கு என்று ஒருத்தி கேட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பையன் இந்த வருஷம் வெடியை எங்கள் வாசலில் போடவில்லை, கோடிக்குப் போனான். அவன் அம்மா சொன்னாளா, அவனாகவா என்று கேட்கவில்லை.

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருந்தார். மார்ச்சிலேயே ஊருக்கு வந்துவிட்டாராம். நாய் இன்னும் வாங்கவில்லை. ஆனால் அவர் ஸ்கூட்டர் நிழலில் ஒரு செவலை வந்து படுக்கிறதாம், வண்டியை எடுக்கப் பயமாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்கிறார். ஹார்ன் அடிக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று சாவியை ஆட்டுங்கள். எழுந்து, சோம்பல் முறித்து, உங்களைக் கவனிக்காத மாதிரி நகரும். பேர் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

9 நவம்பர் 2025

நேற்று ஒருவர் மனைவிக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தார். ஜங்ஷன் பக்கம், ஆற்றோரத் தெரு. அளவு பிளவுஸை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் மிஷினுக்கு அடியில் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

"இது எங்க பாண்டில்லா."

வெள்ளத்தன்று மாடிக்கு ஏற்றியிருக்கிறார். ராத்திரி எப்போதோ இறங்கிப் போய்விட்டதாம். பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கும் என்று நினைக்கவே இல்லை, கரையோரமாகவே தேடியிருக்கிறார். நெஞ்சு வெள்ளையைக் காட்டினார். பாண்டி, பாண்டி என்று கூப்பிட்டார்.

மணி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அவர் கடைக்குப் போய்ப் பொறை வாங்கி வந்தார். உடனே எழுந்து வந்து, வாலாட்டி, வாங்கித் தின்று, கையை நக்கினாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்குத்தான் தர்மசங்கடம். பொறை நீட்டினால் எவனுக்கும் அதைத்தான் செய்வாள். இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது.

அதற்குள் தாத்தா, ஆச்சி, மாடிப் பிள்ளைகள் எல்லாரும் வாசலில். இந்த முறை ஒருவர் பாக்கியில்லை. காது வெட்டு இருந்ததா என்று தாத்தா குறுக்கு விசாரணை செய்தார். எங்கள் பாண்டிக்கு இரண்டு காதும் முழுசாக இருந்தது என்றார் அவர். அப்படியானால் இது அது இல்லை என்றான் ஒரு பையன். அப்படியானால் வெட்டு இங்கே வந்தபின் வந்தது என்றாள் ஆச்சி, யார் பக்கம் பேசுகிறோம் என்று யோசிக்காமல்.

கூட்டிப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

10 நவம்பர் 2025

ஒன்று. நேற்று எழுதும்போது வேண்டுமென்றே விட்டேன். அவர் பைக்கைக் கிளப்பிப் போனபின் மணி தெருமுனை வரை நடந்து போனாள். அங்கே உட்கார்ந்தாள். பிள்ளைகள் தட்டைத் தட்டிக் கூப்பிடும் வரை வரவில்லை.

அந்த நேரம் எப்போதும் கோழிக்கடை வண்டி போகும். அதற்காகவும் இருக்கலாம்.

23 நவம்பர் 2025

பிளவுஸ் வாங்க வந்தார். கூடவே மனைவியும். ஒரு பாக்கெட் பொறை, இன்னொரு துணி. போன பிளவுஸே போட்டுப் பார்க்கவில்லை, அதற்குள் எதற்கு அடுத்தது என்று கேட்க வாயெடுத்தேன். அந்தம்மா மிஷினுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். வெட்டுத்துணிக் குவியலில் கையை விட்டு, எதுவும் கூப்பிடாமல், காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தாள். பின்னங்கால் ஒன்று தானாக ஆடியது.

நல்ல துணி. லைனிங் வைக்கவா என்று கேட்டேன். வையுங்கள், அவசரமில்லை, நடுவில் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அட்டையில் பேர் எழுத இன்னும் ஒரு வரி இடம் இருக்கிறது.